வெளிச்சத்தில் செத்த பாரமீசியம்

1897-98 குளிர்காலம், மியூனிக் நகரம். ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் மருந்தியல் ஆய்வகத்தில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் குழம்பிப்போயிருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அக்ரிடின், பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கரைசலின் அளவு மாறவில்லை. ஆனாலும் ஒரு நாள் சீக்கிரம் செத்தவை, வேறொரு நாள் வெகுநேரம் நீந்தின. யோசித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. ஒரு நாள் இடிமழை; ஆய்வகத்தில் வெளிச்சமே வேறு மாதிரி இருந்தது. இருட்டில் வைத்துப் பார்த்தார்: உயிரிகள் பிழைத்தன. அக்ரிடினும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் சாவு. 1900-ல் இதை வெளியிட்டார்.

தாரின் இன்னொரு முகமும் மெல்ல வெளிப்பட்டது. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு, தாரைப் போலவே எரிபொருளிலிருந்து வரும் புகைக்கரியால் விதைப்பையில் புற்றுநோய் வருவதை லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதியிருந்தார். 1915-ல் ஜப்பானின் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் தாரைத் தடவித் தடவிப் புற்றை வரவழைத்தார்கள். 1933-ல் லண்டன் ஆய்வாளர்கள் தாரிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தார்கள். 1938-ல் மாட்ரமும் டோனியாக்கும் இரண்டு கதைகளையும் இணைத்தார்கள்: புற்றுநோய் உண்டாக்கும் இத்தகைய பொருள்களும் வெளிச்சத்தில் பாரமீசியத்தைக் கொல்கின்றன.

காரணம் எளிது. பென்சோபைரீன் புற ஊதாக் கதிரை உள்வாங்கி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. முறுக்கேறிய ஆக்சிஜன் செல்லைச் சிதைக்கிறது.

இதைச் சோதனை முறையாக்கியவர் பாஸ்டனில் பணியாற்றிய சாமுவேல் எப்ஸ்டீன். வண்டிப் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் பென்சோபைரீன் இருப்பது அப்போது தெரிந்த விஷயம். ஆனால் நகரக் காற்றில் கலந்திருப்பவை எண்ணற்றவை. ஒவ்வொன்றையும் எலியின் தோலில் தடவிக் காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். எப்ஸ்டீன் 1960-களின் முற்பாதியில், காற்றுத் தூசியிலிருந்து பிரித்த சாற்றில் பாரமீசியத்தை விட்டு, புற ஊதா விளக்கின் கீழ் வைத்து, அசைவு நிற்கும் நேரத்தைக் குறித்தார். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் வேதியியலாளர் யூஜின் சவிக்கி முதலியோருடன் சேர்ந்து 1965-ல் காற்று மாசுகள் மீதான இந்தச் சோதனையை வெளியிட்டார்.

ஆனால் இந்தச் சோதனை ஒரு சல்லடைதான். வெளிச்சத்தில் கொல்வதெல்லாம் புற்றுநோய் தருவதில்லை. புற்றுநோய் தருவதெல்லாம் வெளிச்சத்தில் கொல்வதுமில்லை. பாரமீசியம் சாவது ஆக்சிஜனால். புற்று வருவதோ, பென்சோபைரீன் நம் உடலுக்குள் உருமாறி மரபணுவில் ஒட்டிக்கொள்வதால். எதை முதலில் சந்தேகிக்கலாம் என்று சொல்லும் அளவுக்குத்தான் அதன் சாட்சி செல்லும்.

1970-களில் புரூஸ் ஏம்ஸின் பாக்டீரியா சோதனை வந்ததும் பாரமீசியம் பின்னுக்குப் போனது. அது எழுப்பிய சந்தேகம் மட்டும் பொய்க்கவில்லை: 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் காரணி என்று அறிவித்தது.