தராசுக்கு முன்னால்

மல்யுத்தத்தில் எடைப் பிரிவு என்னும் ஏற்பாடு சிறிய உடலைக் காப்பதற்காக வந்தது. ஆயின் அதற்குள்ளேயே ஓர் ஆசையும் ஒளிந்திருந்தது. எடை பார்க்கும் வேளையில் மட்டும் இளைத்திருந்து, களமிறங்குமுன் இழந்ததை மீட்டுக்கொண்டால், தன்னினும் சிறியவரோடு மோதலாமே என்னும் ஆசை அது. எல்லோரும் அதையே செய்தபோது அனுகூலம் எவருக்கும் மிஞ்சவில்லை. வாதை மட்டும் பொதுவாயிற்று.

1997ஆம் ஆண்டு நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரையிலான 33 நாட்களில் அமெரிக்காவின் வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்லர்கள் மாண்டனர். எதிராளியின் பிடியில் எவரும் இறக்கவில்லை. வியர்வை ஆவியாக விடாத உடையணிந்து, வெப்பத்தில் பயிற்சி செய்து, எடை குறைக்க முயன்றபோதே மூவரும் வீழ்ந்தனர்.

அவசரமாக இழக்கும் எடையில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீர். நீர் குறையக் குருதியின் அளவு சுருங்குகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. உடல் வெப்பத்தை வெளியேற்றத் திணறுகிறது. பட்டினியால் தசையில் சேமித்த கிளைக்கோஜனும் கரைகிறது. ஒருமுறை முழு பலத்தோடு தூக்கும் ஆற்றல் பெரிதும் குன்றாமல் இருக்கலாம். ஆனால் மல்யுத்தம் ஒரு பிடியோடு முடிவதில்லையே! மீண்டும் மீண்டும் எழுந்து பொருதும் வலிமைதான் முதலில் தளர்கிறது.

அம்மரணங்களுக்குப் பின் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1998இல் விதிகளைத் திருத்தியது. ரப்பர் உடையும் நீராவி அறையும் விலக்கப்பட்டன. எடை பார்த்தல் போட்டி நேரத்துக்கு அருகே நகர்ந்தது. இவற்றினும் முக்கியமானது, பருவத் தொடக்கத்தில், உடலில் போதிய நீர் இருக்கும் நிலையில், ஒவ்வொருவருக்கும் மிகக் குறைந்த எடை நிர்ணயிக்கப்பட்டது.

2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். முன்பு 53 கிலோ பிரிவில் பதக்கம் வென்ற வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் இறங்கி, முதல் நாள் மூன்று வெற்றிகள் கண்டார். இரவெல்லாம் முயன்று, கூந்தலையும் வெட்டிய பிறகு, மறுநாள் காலைத் தராசு 100 கிராம் கூடுதலாகக் காட்டியது. இறுதிப் போட்டி கைநழுவியது, மேல்முறையீடும் தள்ளுபடியானது.

விதி விதிதான் என்று அன்று பலர் சொன்னார்கள். நாம் மறுக்கவில்லை. ஆனால் தராசு கேட்கும் கேள்வி எது என்பதையும் நாமே தீர்மானிக்கிறோம். "நீ எவ்வளவு தாகத்தைத் தாங்குவாய்?" என்று கேட்பதா, "உன் உடல் இயல்பில் எவ்வளவு?" என்று கேட்பதா? இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ள மூன்று இளைஞர்களின் உயிர் தேவைப்பட்டது.