கொள்ளைநோயும் லயத்து வீடும்

கொள்ளைநோய்க்கு ஏழை, பணக்காரன் என்னும் வித்தியாசம் கிடையாது என்று சொல்லுவது நம்மவர்க்குள் ஒரு வழக்கமாக இருந்து வருகிறது. கிருமியானது ஆளைப் பார்த்துப் பற்றுவதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால், பற்றிய பின் பிழைத்தவர் யார், மாண்டவர் யார் என்று கணக்குப் பார்ப்போமானால் கதை வேறாகி விடுகிறது. அந்தக் கணக்கை 1918ஆம் ஆண்டைக் கொண்டு பார்ப்போம்.

உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற இன்புளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் அவ்வாண்டின் நடுவில் மலாயாவுக்குள் இலேசாக நுழைந்து, அக்டோபரில் மிகக் கொடிதாகத் திரும்பி வந்தது. மலாயாவில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அன்று எந்த வைத்தியரிடமும் இல்லை. துரைக்கும் இல்லை, தொழிலாளிக்கும் இல்லை. படுத்து இளைப்பாற இடம், நல்ல காற்று, சூடான கஞ்சி, பக்கத்திலிருந்து தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் ஆகிய இவையே மருந்து. அப்படியானால் இருசாராரும் சமம்தானே என்று யாரேனும் கேட்கலாம். இல்லை. இந்த மருந்துகள் நான்கும் எவனுக்குக் கிடைத்தன என்பதுதான் கேள்வி.

சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. எல்பில், டோவன்பி, ஹீவுட் என்னும் பெயர்களை நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிகள் வழியாக இன்றும் கேட்கிறோம். இத்தகைய தோட்டங்களில் தொழிலாளி வாழ்ந்தது லயத்தில். ஒரு சுவருக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் ஒரு குடும்பம். ஓர் அறையில் ஒருவன் இருமினால் வரிசை முழுவதும் இருமும். விடியுமுன் பெரட்டுக்கு நின்றாக வேண்டும்; நிற்காதவனுக்கு அன்றைக் கூலி கிடையாது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டுவிட்டது என்றாலும், கடையில் பற்று வைத்தவனுக்கு இளைப்பாறும் சுதந்திரம் எங்கிருந்து வரும்? புருஷனும் மனைவியும் ஒருங்கே விழுந்தால் கஞ்சி வைப்பவர் யார்? அரிசியோ பர்மாவிலும் சயாமிலும் இருந்து வர வேண்டியது. 1918இல் இந்தியாவில் மழை பொய்த்தது. அரிசித் தட்டுப்பாடு மலாயாவையும் பிடித்துக்கொண்டது.

இன்னும் ஒன்று. காய்ச்சல் வந்து பிடித்த உடம்பு புதிய உடம்பன்று. கிள்ளானில் 1901 முதல் மலேரியாவை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் மால்கம் வாட்சன், மலையடிவாரத்தில் காட்டை வெட்டி வெயில் விழச்செய்தால் தெளிந்த ஓடையிலேயே மலேரியாக் கொசு பெருகுகிறது என்று கண்டறிந்தார். காட்டை வெட்டியவன் தொழிலாளி. வெட்டச் சொன்னவன் கம்பெனி. கொசுக்கடி யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. துரையின் பங்களா மேட்டில், கொசுவலையோடு இருந்தது. மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் முன்பே இரத்தம் வற்றிய உடம்பைத்தான் இன்புளுவென்சா வந்து பிடித்தது.

கூலிகளின் அசுத்தப் பழக்கமே அவர்கள் சாவுக்குக் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்குப் பம்பாய் நகரத்துக் கணக்கு பதில் சொல்லும். அங்கே 1918இல் இந்நோயால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்று வகுப்புவாரியாகக் கணக்கெடுத்தார்கள். ஐரோப்பியரில் 8.3; பார்சிகளில் 9; மேல்சாதி இந்துக்களில் 18.9, தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்ட சாதியாரில் 61.6. ஒரே நகரம், ஒரே நோய், அதே மாதங்கள்! பழக்கமா கொன்றது? ஐரோப்பியனுக்கும் மேல்சாதி இந்துவுக்கும் உள்ள தூரத்தைவிட, மேல்சாதியானுக்கும் ஒதுக்கப்பட்டவனுக்கும் உள்ள தூரம் பெரிதாயிருப்பதைப் பாருங்கள். வெள்ளைக்காரனை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. கப்பலேறி வந்த இடத்திலும், பல தோட்டங்களில் ஆதிதிராவிடருக்கென்று லயங்களைத் தனியே ஒதுக்க வைத்தவர்கள் நம்மவர்களே அல்லவா?

நூறு வருஷங்கள் கழித்துக் கோவிட் வந்தது. 2020 மார்ச் 18 முதல் மலேசியாவில் ஜனங்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். வீடு உள்ளவன் இருந்தான். நாட்கூலிக்காரன் எண்ணிக்கொண்டிருந்தது அரிசியை. 2021இல் பசித்தவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டும்படி ஆயிற்று. ரப்பர்ப் பாலும் கதைக்குள் திரும்பி வந்தது. உலகத்து வைத்தியர்களின் கைகளைக் காத்தவை மலேசியாவில் செய்த ரப்பர்க் கையுறைகள். அவற்றைச் செய்த நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளிகளோ நெருக்கமான விடுதிகளில் அடைந்து கிடந்தார்கள். 2020 நவம்பரில் கிள்ளானில் அவர்களில் ஆயிரக்கணக்கானோரை நோய் பற்றியது. லயம் பெயர் மாறிற்று, ஆளும் மாறினான், சுவர் மாறவில்லை.

தொழிலாளர் குடியிருப்புக்கு ஒரு சட்டம் 1990இலேயே இருந்தது. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டுமே அது பொருந்தியது. மற்றத் தொழில்களுக்கும் பொருந்தும்படி 2019இல் திருத்தினார்கள். திருத்தம் நடப்புக்கு வந்தது 2020 ஜூனில். கொள்ளைநோய் அவ்வாண்டு ஜனவரியிலேயே நாட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.