கட்டாய அம்மை குத்தலில் மருத்துவ விலக்கு: 1880ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தமானும்

இங்கிலாந்தில் கட்டாயத் தடுப்பூசிச் சட்டம் தோன்றியபோதே அதற்குள் மருத்துவ விலக்கும் தோன்றிவிட்டது. அந்நாட்டின் 1853ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்த மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு அம்மை குத்த (பெரியம்மைத் தடுப்பூசி போட) வேண்டும் என்று விதித்தது. உடல்நிலை இடம் தராத குழந்தைக்கு இரண்டு மாதம் செல்லுபடியாகும் சான்றும், குத்தியும் அம்மைப்பால் பிடிக்காத குழந்தைக்கு வேறொரு சான்றும் அதே சட்டத்தில் உண்டு. மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் உரிமை அங்கே 1898இல்தான் வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1855இலேயே பள்ளிச் சேர்க்கையோடு அம்மை குத்தலை இணைத்தது. இந்தியாவின் 1880ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வாசலுக்குப் போகவில்லை, பெற்றோரையே பொறுப்பாளியாக்கியது.

இந்திய அம்மை குத்தலின் வரலாற்றை எழுதியவர்களில் டேவிட் அர்னால்டின் வாசிப்புக்குச் செல்வாக்கு மிகுதி. 1993இல் வெளிவந்த ‘காலனைஸிங் தி பாடி’ என்ற நூலில் அம்மை குத்தலைக் காலனி அரசு இந்திய உடலின்மீது நடத்திய அதிகாரச் செயலாகவும், சீதளாதேவி என்ற அம்மைத் தெய்வத்தின் வழிபாட்டிலும், பெரியம்மைக் கொப்புளத்தின் பாலையே உடலில் ஏற்றும் பழைய அம்மைப்பால் வைக்கும் வழக்கத்திலும் ஊன்றி நின்ற மக்களை அதற்கு எதிர்ப்பக்கமாகவும் அவர் காட்டுகிறார். மாரியம்மன் கோயில் தெருவில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தச் சித்திரம் எளிதில் ஏற்புடையதாகும். சட்டத்தின் வீச்சு குறுகியது என்பதை அர்னால்டும் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அரசு, மக்கள் என்று இரண்டே அணி வகுத்துவிட்டால், சட்டமே எழுதித் தந்த விலக்குகளுக்கு அந்த வரலாற்றில் இடமில்லாமல் போகிறது. குழந்தைக்கு இப்போது குத்தக்கூடாது என்று சான்று வாங்கிய பெற்றோர் எந்த அணி? அவர் அரசை எதிர்க்கவும் இல்லை, அதற்குப் பணியவும் இல்லை. சஞ்சாய் பட்டாச்சார்யா, மார்க் ஹாரிசன், மைக்கேல் வொர்பாய்ஸ் மூவரும் 2005இல் எழுதிய நூல் அரசுக்குள்ளேயே இருந்த பிளவுகளைக் காட்டி இந்தச் சித்திரத்தைத் தளர்த்தியது. எனினும் விலக்குச் சான்று என்ற துண்டுக் காகிதத்தைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இன்னும் இருக்கிறது.

அதற்கு 1880ஆம் ஆண்டு அம்மை குத்தல் சட்டத்தின் வரையறைப் பிரிவே போதிய சான்று. ‘பாதுகாப்பற்ற குழந்தை’ யார் என்று அது சொல்லும் முறை கவனத்துக்குரியது. அம்மை இயல்பாக வந்து போன குழந்தை இதில் சேராது. பழைய முறைப்படி அம்மைப்பால் வைக்கப்பட்ட குழந்தை சேராது. புதிய முறையில் குத்திப் பலன் கண்ட குழந்தையும், குத்தினாலும் பிடிக்காது என்று சான்று பெற்ற குழந்தையும் சேரா. இவற்றுள் இரண்டாவது விலக்குதான் மிக முக்கியமானது. பழைய அம்மைப்பால் முறையைத் தடை செய்ய அதிகாரம் தருவதற்காகவும் இயற்றப்பட்ட சட்டம் இது. அதே சட்டம், அந்த முறையால் உண்டான பாதுகாப்பைப் பாதுகாப்பாகவே கணக்கில் கொள்கிறது. இனிமேல் அதைச் செய்தால் குற்றம்; முன்பு செய்யப்பட்ட குழந்தையை அம்மை குத்துபவர் விட்டுவிட வேண்டும்.

இது நிர்வாக வசதிக்காகச் செய்தது என்று அர்னால்டின் தரப்பில் நின்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் போதாது. வசதி மட்டுமே நோக்கமென்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் குத்திவிடுவதே எளிது. தழும்பைத் தேடிப் பார்த்து, அது எப்படி வந்தது என்று விசாரிப்பது கூடுதல் வேலை. உடலில் நோய் எதிர்ப்பு எவ்வழியில் உண்டானாலும் அது எதிர்ப்பே என்ற மருத்துவ உண்மைக்குச் சட்டம் இங்கே தலைவணங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கமாகச் சித்திரிக்கப்படும் பழைய வழக்கம் சட்டத்தின் உள்ளேயே சான்றாக அமர்ந்திருக்கிறது.

மற்றொரு விலக்கு தற்காலிகமானது. உடல்நிலை சரியில்லாத குழந்தைக்கு அந்த ஆண்டின் அம்மை குத்தும் பருவம் முழுவதற்குமோ ஒரு பகுதிக்கோ ஒத்திவைப்புச் சான்று உண்டு. ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தும் முறை வழக்கில் இருந்த காலம் அது. நலமில்லாத குழந்தைக்குக் குத்துவது அதற்கு மட்டுமன்றி அடுத்ததற்கும் ஆபத்தாக முடியலாம். கரப்பான் உள்ள தோலில் அம்மைப்பால் உடலெங்கும் பரவிக் கொல்லக்கூடும் என்பதால் அது பிற்காலம்வரை முதன்மையான விலக்குக் காரணமாக நீடித்தது.

இந்தச் சட்டம் அந்தமானுக்குச் செல்லவில்லை. வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அயோத்தி, மத்திய மாகாணங்கள், பிரிட்டிஷ் பர்மா, அசாம், அஜ்மீர், குடகு என்று நீளும் பட்டியலில் போர்ட் பிளேர் இடம்பெறவில்லை. பட்டியலில் உள்ள நகரத்துக்கும் சட்டம் தானாகப் பொருந்தாது: நகராட்சி உறுப்பினர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும், நகரவாசிகள் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தர வேண்டும். 1858இல் கைதிகள் குடியேற்றமாகத் தொடங்கிய போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகராட்சி அமைந்தது 1957இல்தான். அங்கே அம்மை குத்தல் எந்த ஆண்டில் முறைப்பட்டது என்பதை இந்தச் சட்டத்தைக் கொண்டு நிறுவ இயலாது; அந்த ஆண்டைத் திறந்தே விட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்றை உறுதியாக வாதிடலாம். குடியேற்றத்தில் கண்காணிப்பாளரின் உத்தரவே ஆட்சி. உத்தரவால் நடக்கும் கட்டாயத்துக்குச் சட்டம் தேவையில்லை; சட்டம் இல்லாத இடத்தில் பெற்றோர் கையில் சான்றும் இருக்காது. கைதிகளுக்குப் பிறந்த, ‘லோக்கல் பார்ன்’ எனப்பட்ட குழந்தைகள் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயத்துக்கு வெளியே இருந்தார்கள். அதே காரணத்தால் அதன் விலக்குக்கும் வெளியே இருந்தார்கள். அர்னால்டின் இரு அணிகள் மிகப் பொருத்தமாக அமைந்திருக்க வேண்டிய இடம் சிறைத்தீவு. அங்கே சட்டம் மௌனமாக இருப்பது அவருடைய வாசிப்புக்கு வலுச் சேர்க்கவில்லை.

அந்தமான் பழங்குடிகளின் கதை வேறு. 1877இல் தட்டம்மை கிரேட் அந்தமானியரிடையே பரவிப் பேரழிவு உண்டாக்கியது. மூன்றாண்டு கழித்து வந்த சட்டம் பெரியம்மையை மட்டுமே கருதியது. தட்டம்மைக்குத் தடுப்பூசி உருவாக 1963 ஆயிற்று. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியாரின் நுழைவைத் தடுத்தது. பாதுகாக்கும் வழியாக அது கையாண்டது விலக்கி வைத்தலை. 1999இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியபோது அந்த வேலி மட்டும் போதாது என்று தெரிந்தது.

இன்று தீவுகளில் மருத்துவ விலக்கு என்பது மருத்துவர் தரும் ஆலோசனை. நாடு முழுவதும் பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இல்லாததால், அதிலிருந்து சட்ட விலக்கு என்ற ஒன்றும் உருவாகவில்லை. கடும் எதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு உயிருள்ள கிருமித் தடுப்பூசி தரக்கூடாது; முந்தைய தவணையில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை கண்டால் மறுதவணை கூடாது; சளியும் லேசான காய்ச்சலும் காரணமாகா. 1880இன் ஒத்திவைப்பைவிட இன்றைய விலக்கு இறுகியிருக்கிறது. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் முகாமில் பெற்றோர் மறுத்த குழந்தைகளுக்குப் போடக்கூடாது என்றது. யாருக்கு ஊசி ஆகாது என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாக அறிவிக்கவும் பணித்தது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போட வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் சம்மதத்தைப் பற்றியவை. மருத்துவக் காரணத்தை எந்த அதிகாரி சான்றளிப்பது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. 1880ஆம் ஆண்டுச் சட்டம் சான்றில் கையெழுத்திடுபவர் யார் என்பதைச் சுட்டி வைத்திருந்தது. இப்போது கார் நிக்கோபாரில் ஒரு குழந்தைக்கு ஊசி ஆகாது என்று பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை மருத்துவர் எழுதித் தந்தால், அதற்குப் பள்ளியும் பிற அலுவலகங்களும் எந்த அளவு மதிப்புத் தர வேண்டும் என்பதை வரையறுக்கும் மத்தியச் சட்டப்பிரிவு எதுவும் இல்லை.