அச்சுப் பிழையும் பதிப்புப் பிழையும்

சவ்வாது மலையின் அடிவாரத்தே, வேலூரினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுவழியிற் கண்ணமங்கலம் என்னும் ஊர் உளது. விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே கண்டமங்கலம் என்னும் பிறிதோர் ஊர் உளது. இவ்விரு பெயர்க்கும் வேறுபாடு ஓரெழுத்தே. அச்சுக்கோப்போர் கை தவறி ணகரம் நின்ற இடத்து டகரத்தை வைப்பின், மலையடிவாரத்து ஊர் கடற்பக்கம் நோக்கிப் பெயர்ந்துவிடும். அவ்வூரைச் சார்த்திக் கூறும் வரலாறும் உடன் பெயரும். ஓரெழுத்துப் பிழை இத்துணை விளைப்பதாயின், நூற் பதிப்பிற் பிழையின் வரலாறு ஆராயத்தக்கதொன்றாம்.

திருக்குறள் மூலம் முதன்முதல் அச்சேறியது 1812 ஆம் ஆண்டிலாகும். நாலடியாரும் திருவள்ளுவமாலையும் அதனுடன் அச்சாயின. ஏடெழுதுவோரால் நூல்களிற் பிழை மல்குதலும், அச்சு அதற்கு மருந்தாதலும் அப்பதிப்பின் முகப்பிற் பேசப்பெற்றன. அவ்வெண்ணம் பொருந்தியதே. ஓலையிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேற்றுமையின்றி எழுதப்பெற்றன. ரகரமும் காலும் ஒரு வடிவாய் நின்றன. பொருளுணர்ந்தார்க்கன்றி ஏடு படித்தல் இயலாதாயிற்று.

ஆயின் அச்சு தனக்கென ஒரு தீங்கையும் உடன்கொணர்ந்தது. ஏடெழுதுவோன் செய்த பிழை அவ்வோர் ஏட்டளவிலும் அதன் படிகளளவிலும் நிற்கும். பிறிதோர் ஊரிலுள்ள ஏடு அதனைத் திருத்தவும் கூடும். அச்சிற் புகுந்த பிழையோ அனைத்துப் படிகளிலும் ஒருபடித்தாய் நிற்கும். பல படி கூடி ஒன்றே கூறுதலின், கற்பார் அதனையே பாடமெனத் துணிவர். அச்சுநூல் கிடைத்தபின் ஏட்டைப் பேணுவாரும் குறைந்தனர். சான்று அழிந்தபின் பிழையே மூலமாய் நிலைத்தல் எளிது.

இப்பிழைகளை இருவகைப்படுத்தலாம். ஒன்று, அச்சுக்கோப்பிலும் மெய்ப்புத் திருத்தத்திலும் நேரும் அச்சுப் பிழை. மற்றொன்று, ஏட்டை ஆராயுமிடத்து நேரும் பதிப்புப் பிழை. முன்னையது கண்ணிற் படும். பின்னையது கருத்தில் மறைந்து நிற்கும்.

பின்னையதற்குத் தக்க சான்று தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பாகும். சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள் 1885 ஆம் ஆண்டில் அதனை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டனர். அதன் இறுதிக்கண் நின்ற மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் நான்கன் உரையும் அவர் பெயராலேயே வெளிவந்தன. அவை பேராசிரியர் உரையென்பதனை, 1902 இல் தொடங்கிய 'செந்தமிழ்' இதழின்கண் ரா. இராகவையங்கார் அவர்கள் சான்று காட்டி நிறுவினர். இடைப்பட்ட காலத்து ஓர் ஆசிரியர் கருத்தைப் பிறிதோர் ஆசிரியர் கருத்தாகக் கொள்ளும் நிலை இருந்தது. இதனாற் பிள்ளையவர்கள் பெருமை குறையாது. அவர் அச்சிடாதிருந்தால், ஆராய்ந்து திருத்துதற்கு நூலே நம் கையில் இராது.

உ. வே. சாமிநாதையர் அவர்கள் வரலாறும் இதனையே வலியுறுத்தும். சீவக சிந்தாமணி 1887 இல் வெளிவந்தபின், பிழைகள் எனச் சில காட்டிக் கண்டனங்கள் எழுந்தன. ஐயரவர்கள் ஆராய்ச்சியை நிறுத்தினாரல்லர்; மேலும் ஏடு தேடினர்; 1907 இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டனர். பத்துப்பாட்டை 1889 இற் பதிப்பித்தபொழுது மூலம் தனித்துக் கிடைத்திலது. உரையினின்று மூலத்தைப் பிரித்தெடுக்க நேர்ந்தது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பெயர்களிற் சில ஏடுகளில் விடுபட்டிருந்தன; தருமபுர ஆதீனத்து ஏடே அக்குறையை நிரப்பிற்று. அவ்வேடு அழிந்திருப்பின், பூக்கள் குறைந்த பாட்டே முழுப்பாட்டெனக் கொள்ளப்பட்டிருத்தலுங் கூடும்.

பிற நாட்டாரும் இவ்விடர்ப்பட்டனர். இலண்டனில் 1631 இல் அச்சான விவிலியத்திற் பிறன்மனை நயத்தலை விலக்கும் கட்டளையில் எதிர்மறைச் சொல்லொன்று விடுபட்டது; விலக்கு விதியாயிற்று. அச்சிட்டோர் 300 பவுன் தண்டம் விதிக்கப்பெற்று உரிமமும் இழந்தனர். தமிழில் இவ்வச்சம் இன்னும் மிகுதி. 'கூறும்', 'கூறா' என்பவற்றுள் உடன்பாடும் எதிர்மறையும் ஈற்றெழுத்தளவிலேயே வேறுபடுகின்றன.

கல்லெழுத்தின் நிலை வேறு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நன்னனது செங்கண்மாவைப் பாடுகின்றது. அது சவ்வாது மலைச் சாரலிலுள்ள செங்கம் என்பர். அப்பகுதி நடுகற்களின் எழுத்துக்கள் 'செங்கம் நடுகற்கள்' என 1972 இல் நூலாய் வெளிவந்தன. அந்நூலில் ஓரெழுத்து ஐயுறப்படின், ஆராய்வோன் கல்லிடத்தே சென்று காணலாம். மலைபடுகடாத்தில் ஓரெழுத்து ஐயுறப்படின் செல்லுதற்குரிய இடம் ஏடே. அதுவும் எஞ்சியிருப்பின் மட்டுமே.

இக்காலத்துப் பழம்பதிப்புக்கள் ஒளிப்படியாகவும் கணினி வழியாகவும் மீள வெளிவருகின்றன. 1978 இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணா, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கருவி பிறிதாய்ப் படித்துவிடும். நூலிறுதியிற் பதிப்பாசிரியர் சேர்த்த பிழைதிருத்தப் பட்டியலை மூலத்தோடு இணையாமல் விடுதலும் நேர்கின்றது. ஆசிரியர் தாமே கண்டு களைந்த பிழை மீண்டும் உயிர்பெறுகின்றது.

ஆதலின் மீள்பதிப்புச் செய்வார், பதிப்பாசிரியர் தம் வாழ்நாளில் இறுதியாகத் திருத்திய பதிப்பையே அடிப்படையாகக் கொள்க. பிழைதிருத்தத்தை முதற்கண் நோக்குக. எப்பதிப்பினின்று எடுத்தனர் என்பதனை முகப்பிலேயே கூறுக. தாம் கண்ட பிழையையும் மறையாது அச்சிடுக. பிழையின்மை எவர்க்கும் அரிது. கண்ட பிழையை ஒப்புக்கொண்டு திருத்துதல் அரிதன்று. தமிழ்ப் பதிப்பு வளர்ந்ததும் அவ்வழியானேயாம்.