பதின்மூன்று திங்கள் கொண்ட ஆண்டு

அபிசீனியா எனப் பழைய பூகோள நூல்கள் குறிக்கும் எத்தியோப்பியாவில் ஆண்டிற்குத் திங்கள் பதின்மூன்று. முதற் பன்னிரண்டிற்கும் முப்பது முப்பது நாட்களே, குறைவுமில்லை, மிகுதியுமில்லை. சம்பளப் பட்டியல் எழுதும் நம்மனோர்க்கு இஃது எத்துணை இனிய ஏற்பாடு! எஞ்சிய ஐந்து நாட்களைப் ‘பாகுமே’ என்னும் பதின்மூன்றாம் திங்களாக வைத்தனர். நான்காண்டிற்கு ஒருமுறை அதற்கு ஆறு நாட்கள்.

இம்முறை எகிப்திலிருந்து வந்தது. ஆறாம் நாளைச் சேர்க்குமாறு கி.மு. 238இல், மூன்றாம் தாலமி மன்னன் காலத்தில், கனோபஸ் நகரில் கூடிய குருமார் விதித்தும் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. இரு நூற்றாண்டு கழித்து உரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்திலேதான் அது நிலைபெற்றது.

எத்தியோப்பியர் நான்கு ஆண்டுகளுக்கும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என நற்செய்தியாளர் பெயரை முறையே இட்டனர். லூக்கா ஆண்டின் இறுதியில் மிகுநாள் வரும். ஆகவே அவர்தம் புத்தாண்டு இக்காலத்தே செப்டம்பர் 11ஆம் நாளும், மிகுநாளை அடுத்து மட்டும் 12ஆம் நாளும் பிறக்கிறது.

அந்நாடு ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது என நகைப்பார் உளர். அது பொருந்தாது என்பதே நம் கருத்து. கிறிஸ்து அவதரித்த ஆண்டை அலெக்சாந்திரியாத் துறவி அன்னியானஸ் கணித்தவாறு அவர்கள் கொண்டனர். மேலைநாட்டார் டயோனீசியஸ் 525இல் வகுத்த கணக்கைக் கொண்டனர். வேற்றுமை அவ்வளவே. 2000ஆம் ஆண்டை அவர்கள் வரவேற்றது நம் கணக்கில் 2007 செப்டம்பர் 12.

எனினும் குறை ஒன்றுண்டு. உண்மை ஆண்டு 365¼ நாளினும் ஏறத்தாழ 11 நிமிடம் சிறிது. 1582இல் போப்பாண்டவர் கிரகோரி இதனைத் திருத்தினார். எத்தியோப்பியர் அத்திருத்தத்தை ஏற்றிலர். 2100இல் நாம் பிப்ரவரி 29ஐ விட்டுவிடுவோம். அவர்களோ தம் மிகுநாள் எதனையும் விடார். அவ்வாண்டு முதல் அவர்தம் புத்தாண்டு பெரும்பாலும் செப்டம்பர் 12ஆம் நாளுக்கு நகர்ந்துவிடும்.