தொழில் நிர்மாணத்துக்கு இடந்தேர்தலும் அருகும் உயிரினங்களும் (திருவனந்தபுரம்)

ஆலை, அணைக்கட்டு, துறைமுகம் முதலியவற்றை நிர்மாணிக்க நிலம் தேடும்பொழுது, அந்நிலத்தையன்றி வேறெங்கும் பிழைக்க வகையற்ற ஜீவராசிகள் அங்கே உளவா என்று முன்கூட்டியே ஆராய்ந்து, உண்டெனில் வேறிடம் நாடுவது, இயற்கைப் பாதுகாப்பின் முறைகளுள் செலவு மிகக் குறைந்ததும் கைக்கொள்ளப்படுவது மிக அரிதானதுமாகும். கேரளத்தின் தலைநகராகிய திருவனந்தபுரம் இவ்விஷயத்தில் இருவகையால் முக்கியத்துவம் பெறுகிறது. கிழக்கே தமிழர் பொதிகையென்று போற்றும் அகத்தியமலையின் மேற்குச் சரிவும், மேற்கே அரபிக் கடலும் நெருக்கி நிற்க, இடையிலுள்ள ஒடுங்கிய நிலப்பகுதியில் மக்கள் செறிந்து வாழும் இம்மாவட்டத்தில், புதிய தொழிலுக்கு எஞ்சுவது பெரும்பாலும் காட்டின் ஓரமோ கடலின் ஓரமோதான். அன்றியும், இந்திய தேசத்தில் இப்பிரச்சினையை முதன்முதலாகப் பொதுமக்களின் வாதப்பொருளாக்கிய அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டம், வடக்கே பாலக்காடு மாவட்டத்துக்கு உரியதாயினும், வகுக்கப்பட்டதும் வற்புறுத்தப்பட்டதும் இந்நகரத்து அலுவலகங்களிலேயாம்.

அப்பள்ளத்தாக்கிலோடும் குந்திப்புழை, உயர்ந்த மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்குமுன் சைரந்திரி என்னுமிடத்தில் குறுகிய மலையிடுக்கொன்றில் நுழைகிறது. குறைந்த நீளமுள்ள சுவரால் நிறைந்த நீரைத் தேக்கலாம்; குடியேற்றமில்லாமையால் எவரையும் அப்புறப்படுத்த வேண்டுவதில்லை; ஆகவே பொறியாளர் கண்ணுக்கு அதனினும் சிறந்த ஸ்தலம் அகப்படாது. மனித சஞ்சாரம் குன்றியிருந்த அக்காரணத்தினாலேயே அது சோலைமந்திக்கும் சிறந்த ஸ்தலமாயிருந்தது. சிங்கவால் குரங்கு என்றும் வழங்கும் அவ்விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. பெரும்பாலும் தரையிலிறங்காமல் மரவுச்சிகளிலேயே திரிவது. வெடிப்பலா முதலிய மரங்களின் கனிகளையும் விதைகளையும் உண்டு, மிகவும் மெதுவாக இனம் பெருக்குவது. மரவுச்சிகளின் தொடர்ச்சி அறுந்தால் அதன் கூட்டமும் துண்டுபடும். வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சிய புதுத்தோட்டம் காட்டில், சோலைமந்திகள் சாலையைக் கடக்க உயரே கயிற்றுப் பாலங்கள் கட்டித் தரவேண்டிய நிலை பின்னாளில் ஏற்பட்டதை நோக்க, வந்த நஷ்டத்துக்குப் பரிகாரம் தேடுவது எத்தகைய அற்பமான காரியம் என்பது விளங்கும்.

1973இல் திட்டக் குழு இசைவளித்த இவ்வணை கட்டப்பட்டிருப்பின் ஏறத்தாழ 830 ஹெக்டேர் நீரில் மூழ்கியிருக்கும். மொத்தப் பரப்பில் இது சிறு பகுதியே என்று மின்சார வாரியத்தார் வாதித்தனர். ஆனால் ஆற்றோரக் காடே அப்பள்ளத்தாக்கின் உயிர்நிலை என்பதை அவர்கள் மதித்தாரில்லை. 1976இல் மத்திய அரசின் பணிக்குழு, திட்டத்தைக் கைவிடுவதே உசிதம் என்று கூறிவிட்டு, கைவிட இயலாதெனில் 17 பாதுகாப்பு நிபந்தனைகளையேனும் கடைப்பிடிக்க வேண்டுமென்றும் சேர்த்து எழுதிற்று. மாநில அரசு முதல் வாக்கியத்தை விடுத்து இரண்டாவதை இறுகப் பற்றிக்கொண்டு, நிபந்தனைகளை நிறைவேற்றுவதாக வாக்களித்து, 1979இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. இடத்தைப் பற்றிய கேள்வி இவ்வாறே நிபந்தனைகளைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. அக்குழுவினர் அந்த இரண்டாம் வாக்கியத்தை எழுதாமலிருந்தால் வழக்கு அன்றே தீர்ந்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

மக்கள் அறிவியல் இயக்கமாகிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து அதே 1979இல் வேறொரு வழியில் வாதிட்டது. குரங்கின் மீது இரக்கம் கோருவதோடு நில்லாமல், மின்சாரத் தேவையையும் அதை வேறு வழிகளிற் பெறுவதற்கான சாத்தியத்தையும் பல்துறை அறிஞரைக் கொண்டு பரிசீலித்து ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவி சுகதகுமாரி முதலிய எழுத்தாளர்களின் குரலும் அதனோடு சேர்ந்தது. விஞ்ஞானி எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆராய்ச்சிக்குப் பிறகு 1983இல் திட்டம் கைவிடப்பட, 1984 நவம்பர் 15 அன்று 89.52 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடோ அதற்கு முன்னரே, 1976இல், இதே சோலைமந்தியை முன்னிட்டுக் களக்காடு சரணாலயத்தை அமைத்திருந்தது.

பின்வந்த சட்டங்களுள் இடந்தேர்தலை நேராகத் தொடுவன சிலவே. 1994இல் தொடங்கி 2006இல் திருத்தியமைக்கப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சரணாலயங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் எழும் குறிப்பிட்ட வகைத் தொழில்கள் மத்திய அரசின் பரிசீலனைக்கு வரவேண்டுமென்றது. 2014இல் அத்தூரம் 5 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. தூரத்தைக் கொண்டு அளக்கும் இவ்விதி சரணாலயத்துக்கு வெளியே வாழும் ஜீவன்களைக் காண்பதில்லை.

இக்குறைக்குத் தக்க உதாரணம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே உண்டு. பாலோடு வட்டாரத்திலும், அண்டையிலுள்ள கொல்லம் மாவட்டத்துக் குளத்துப்புழை வட்டாரத்திலும் தாழ்ந்த பள்ளங்களில், ஓடைநீர் ஆண்டின் பெரும்பகுதி தேங்கி நிற்குமிடத்து, காட்டு ஜாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் சேற்றிலிருந்து முழங்கால்போல் மடங்கியெழும் வேர்களால் சுவாசித்து நிற்கின்றன. திருவிதாங்கூரின் பெயரைத் தாங்கியதும் மிக மோசமாக அருகிவிட்டதுமான ஒரு நாவல் இன மரமும் இச்சதுப்புகளில் வளர்கிறது. கேரளத்தில் எஞ்சியவை ஏறத்தாழ 60 துண்டுகள். அனைத்தும் சேர்ந்து சுமார் ஒன்றரைச் சதுர கிலோமீட்டரே. இம்மரங்களின் விதைகள் உலர்ந்தால் முளைக்கும் சக்தியை இழப்பன. ஆதலால் ஒரு மரத்தையும் வெட்டாமல், மேலே ஓடையைத் திருப்பிவிட்டாலே ஒரு சதுப்பை அழித்துவிடலாம். முற்காலத்தில் பல சதுப்புகள் வயலாயின. வயல்கள் பின்னர் கமுகந்தோட்டமாயின. வருவாய்க் கணக்கில் இத்தகைய நிலம் பயனற்ற பள்ளமாகவே தோன்றுவதால், விலையும் மலிவு, ஆட்சேபிப்பாரும் சிலர்.

2018இல் பாலோட்டையடுத்த பெரிங்ஙம்மலைப் பஞ்சாயத்தில் மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கும் ஆலையொன்று உத்தேசிக்கப்பட்டபோது, அருகிலுள்ள ஜாதிக்காய்ச் சதுப்பையும் நீரோடைகளையும் சுட்டி ஊர்மக்கள் எதிர்த்தனர். ஆலையின் அவசியத்தை மறுப்பதற்கில்லை. மருத்துவமனைக் கழிவு தொலைவிலுள்ள பாலக்காட்டுக்கு வண்டிகளிற் சென்றுகொண்டிருந்தது. ஆயினும் ஆலைக்குப் பத்து இடம் தேடலாம். சதுப்புக்குத் தேட இயலாது.

கடற்கரையில் நிலைமை வேறு. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, கரைக்கு அருகிலேயே இயற்கையாக அமைந்த சுமார் 20 மீட்டர் ஆழத்தையும், சர்வதேசக் கப்பல் வழி ஏறக்குறைய 10 கடல்மைலில் இருப்பதையும் முன்னிட்டாகும். அக்கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் பார் என்று வழங்கும் மீனவர், மீன்வளம் குன்றுமென்றும் கரை அரிக்குமென்றும் அஞ்சினர். மணற்கரை குறைவது, முட்டையிட அதனையே நாடும் கடலாமைகளுக்கும் கேடாகும். 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது; 2015 டிசம்பரில் வேலை தொடங்கியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 செப்டம்பர் 2 அன்று அனுமதியை உறுதிசெய்து, நிபந்தனைகளை விதித்து, அவற்றைக் கண்காணிக்க நிபுணர் குழுவொன்றையும் அமைத்தது. அப்பொழுது கட்டுமானம் தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.