கள்ளப்படி: ஒரு பெயரின் தடம்

கள்ளச்சாவி என்ற சொல்லைச் சற்று நாவில் நிறுத்திப் பாருங்கள். பூட்டுக்கு உரியவரிடமிருந்து திருடிய சாவிக்கு அப்பெயர் இல்லை. அவருடைய சாவி அவர் இடுப்பிலேயே பத்திரமாகத் தொங்க, அவர் அறியாமல் மெழுகில் அச்செடுத்து அராவிய இன்னொரு சாவிக்குத்தான் அப்பெயர். கள்ளநோட்டும் எவர் பெட்டியிலிருந்தும் எடுத்ததன்று. அச்சிட உரிமையில்லாதவர் அச்சிட்டது. உரிமம் பெறாத மென்பொருளையும், வெளியீட்டு நாளுக்கு முன்பே கைமாறும் பதிப்பையும் 'பைரசி' என்றும், 'மென்பொருள் திருட்டு' என்றும், அகராதியை நேர்படப் பார்த்தவர்கள் 'கடற்கொள்ளை' என்றும் எழுதிவரும் இந்நாளில், அவற்றுக்கு உரிய பெயர் நம் தெருவிலேயே இருக்கிறது. அது கள்ளப்படி.

கள் என்பது வேர். கள்ளன், கள்வன், களவு, களவாடு, களவாணி எல்லாம் அதில் கிளைத்தவை. குறளின் 29ஆம் அதிகாரப் பெயரான கள்ளாமையில் அது வினையாகவே நிற்கிறது. 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையில் வரும் கள் வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையாளத்தில் கள்ளன், கன்னடத்தில் கள்ள, தெலுங்கில் கல்ல. தெலுங்கில் அது பொய்யைக் குறிக்கும். களவும் பொய்யும் ஒரே குடும்பத்தில் பிறந்திருப்பதைக் கவனியுங்கள். அக்குடும்பத்தின் பொதுமுகம் பறித்தல் அன்று, மறைத்தல். இல்லாவிடில் தொல்காப்பியர் தலைவனும் தலைவியும் ஊரறியாமல் கொள்ளும் காதலுக்குக் களவு என்று பெயர் தந்திருப்பாரா? சம்பந்தர் தம் முதற்பதிகத்திலேயே இறைவனைக் கள்வன் என்று அழைத்திருப்பாரா? ஒலியும் பொருளுக்கு இசைந்தே நிற்கிறது: லகரம் அண்ணத்தை ஒற்றப் பிறப்பது, ளகரம் வருடப் பிறப்பது என்பது தொல்காப்பியர் கணக்கு. கல் என்னும்போது நா அழுந்துகிறது. கள் என்னும்போது தொட்டும் தொடாமலும் நழுவிப் போகிறது.

இவ்வேர் பெயரடையாகிக் 'கள்ள' என நின்றபோதுதான் பொருள் இன்னும் நுட்பமாயிற்று. கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம், கள்ளவோட்டு ஆகிய எதிலும் திருட்டுப்பொருள் ஏதுமில்லை; 'உரியவர் இசைவின்றி, மறைவாக' என்பது மட்டுமே இருக்கிறது. இதே அடை மனிதரைச் சுட்டவும் பயன்பட்டுக் காயப்படுத்தியிருக்கிறது: கள்ளத்தோணி என்ற சொல்லால் இலங்கையின் மலையகத் தமிழரை இழித்துரைத்த வழக்கு நம் மொழிக்கு ஒரு வடு.

ஆங்கிலம் போன வழி வேறு. கிரேக்கத்தில் 'பெய்ரா' என்றால் முயற்சி, சோதனை. அதிலிருந்து துணிந்து தாக்கிப் பார்ப்பவன் 'பெய்ராத்தேஸ்' ஆனான். இலத்தீன் வழியாக 'பைரேட்' என்று ஆங்கிலத்தில் கரையேறினான். 17ஆம் நூற்றாண்டு இலண்டனில், பிறர் நூலை இசைவின்றி அச்சிட்டவரையும் அதே பெயரால் வைதார்கள். கடலில் கொடியேற்றி, கண்ணெதிரே வந்து பறிப்பவன் பெயர், அறைக்குள் ஒளிந்து அச்சுக்கோப்பவனுக்கு ஒட்டுமா? நம் கொள்ளை, 'கொள்' என்ற வேரில் பிறந்து எடுத்துக்கொள்வதைச் சொல்கிறது. கொள்ளையில் ஒருவர் இழந்தால்தான் மற்றவர் பெறுவார். படியெடுத்தலில் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்பெயர்ச் சிக்கல் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை உரிமமின்றி இசைத்தட்டாக்கி விற்றவர் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல், உரிமை மீறிய படியைத் 'திருடிய பொருள்' என்ற சட்டச் சொல்லுக்குள் அடக்க இயலாது என்றது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 'உரிமை மீறிய படி' என்றே பேசுகிறது. கணினி நிரல்கள் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் 2004இல் 'வீடியோ பைரேட்' என்ற பெயரைத் தலைப்பிலேயே ஏற்றுக்கொண்டபோது, மக்கள் வாயில் அது திருட்டு விசிடியாகவே இருந்தது. அவ்வழக்கை நான் பழிக்கவில்லை. ஆயினும் கள்ளநோட்டைக் கள்ளநோட்டு என்றும் திருட்டு நகையைத் திருட்டு நகை என்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்த அதே வாய், இங்கு மட்டும் ஏன் இடறியது?

இனி, முன்கூட்டி வெளிவருவதன் பெயர். 1975 சூனில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஒரு விடுதியில் ஆல்டேர் கணினியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பில் கேட்சும் பால் ஆலனும் எழுதிய 'பேசிக்' மொழிபெயர்ப்பி பிழைகளோடு, இன்னும் வெளியிடப்படாத நிலையில், துளையிட்ட தாள்நாடாவில் அங்கே இருந்தது. நாடா ஒன்று மறைந்தது. பல படிகளாகப் பெருகி, கணினி ஆர்வலர் கழகம் ஒன்றில் வினியோகமாயிற்று. ஒன்று எடுப்பவர் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு படி கொண்டுவர வேண்டும் என்பதே விலை. 1976 பிப்ரவரி 3ஆம் நாளிட்ட பகிரங்க மடலில் கேட்சு ஆர்வலரை நோக்கிக் கடிந்து எழுதியபோது ஆண்ட சொல் கடற்கொள்ளையன்று, திருட்டு. அந்த நாடா ஒன்று உண்மையிலேயே திருட்டுப்பொருள்தான். அதிலிருந்து பிறந்த அத்தனையும் கள்ளப்படிகள்.

அந்நாடாவில் இருந்த நிலைக்கு நம்மிடம் அருமையான சொல் உண்டு: வெள்ளோட்டம். புதுத்தேரை, உற்சவர் எழுந்தருளுமுன், வெறுமனே இழுத்துப் பார்க்கும் ஓட்டம். இங்கு வெள் நிறமன்று, வெறுமை. வெள்ளறிவு என்பதில் வருவதும் அதுவே. தச்சர் அச்சாணியைத் தட்டிப் பார்த்து, சக்கரம் எங்கே உரசுகிறதென்று காது கொடுத்துக் கேட்கும் நேரம் அது. 'பீட்டா'வுக்கு வெள்ளோட்டப் பதிப்பு என்று தமிழ்க் கணிமையர் பெயரிட்டது மிகப் பொருத்தம். முயற்சி என்னும் பொருளில் பிறந்த பைரேட்டும் இந்தச் சோதனை ஓட்டமும் பொருளளவில் உறவாக நிற்பது எனக்குத் தீராத வியப்பு.

வெள்ளோட்டப் பதிப்பு முன்கூட்டி வெளியேறுவதை இன்று 'கசிவு' என்கிறோம். அகம் கசிந்துருகப் பயன்பட்ட சொல் வினாத்தாளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் கசிதல் தன்வினை. பானை கசிந்தால் பானையே பொறுப்பு. பாலோ ஆல்ட்டோவில் நாடா கசியவில்லை, ஒருவர் எடுத்தார். செய்தவர் உண்டென்று தெரிந்த இடத்தில் 'கசியவிட்டார்' என்று பிறவினையில் எழுதுவதே நேர்மை.

படி என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். நகல் அரபியில் பிறந்தது, பிரதி வடமொழி. இரண்டும் நம்மோடு நெடுநாள் வாழ்ந்தவை, அவற்றை விரட்ட வேண்டியதில்லை. எனினும் கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று ஏற்கெனவே ஆளும் சொல்லை மென்பொருளுக்கும் நீட்டிக்கலாம். மூலம் எப்படியோ அப்படியே இருப்பது படி. உரிமத்தோடு எடுத்ததை உரிமப்படி என்றும், இசைவின்றி எடுத்ததைக் கள்ளப்படி என்றும், நாள் வருமுன் வெளியேற்றியதைக் கசியவிட்ட வெள்ளோட்டம் என்றும் எழுதிப் பழகுங்கள், சொல்லன்பர்களே. கடற்கொள்ளை கடலுக்கே இருக்கட்டும்.